பேசாமல் இருந்தால் சம்மதமில்லை

மர்ளியாவைப் பற்றி எழுதட்டுமா என்று அவளிடமே கேட்டேன். சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் தலையும் நிமிரவில்லை, பதிலும் சொல்லவில்லை. வேறு யாராக இருந்தாலும், மறுக்கவில்லையே, சம்மதம்தான் என்று பேனை மூடியைத் திறந்திருப்பேன். மர்ளியாவிடம் அது செல்லாது. எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். மறு கிழமை தேங்காய் கேட்டு வந்தவள், படலையில் நின்றபடியே சொன்னாள்:

"சரி, எழுது ஸாஜிதா. ஆனா என்னைய நல்லவள் எண்டு மட்டும் எழுதிராத. நல்லவள் எண்டு பேர் எடுத்தா, அதுக்குப் பொறகு ஒண்டுக்கும் மாட்டேன் எண்டு சொல்ல ஏலாது."

ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மர்ளியா நல்லவள் இல்லை. வாய்க்காரி, பிடிவாதக்காரி. இரவல் வாங்கிய மா அரிக்கிற அரிப்பை நாமே போய்க் கேட்டால்தான் திருப்பித் தருவாள். அவளோடு நான் கோபித்துக்கொண்டு கதைக்காமல் இருந்த நாட்களைச் சேர்த்தால் ஒரு நோன்பு மாதத்துக்கு மேல் வரும். ஆனால் எங்கள் கரையில் இன்றைக்கும் மட்டி பொறுக்கக் கடலில் இறங்குகிற பெண்கள் யாருக்காவது துஆச் செய்ய வேண்டுமென்றால் அவளுக்குத்தான் செய்ய வேண்டும்.

தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து விரட்டப்பட்ட சனத்தோடு வள்ளத்தில் வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கியபோது அவள் பள்ளிக்கூடப் பிள்ளை. கையிலிருந்த பைக்குள் ஒரு காலுக்கு மட்டும் சப்பாத்து இருந்ததாம். மற்றதை எங்கே விட்டாள் என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது. எத்தாளைக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு பக்கம் களப்பும் மறுபக்கம் பெருங்கடலுமாக இருக்கிறது எங்கள் ஊர். அங்கே ஓலைக் கொட்டிலில் வளர்ந்தாள். வந்த சனத்துக்கு முதல் வருஷம் சோறு கொடுத்த ஊர்தான் இது. அடுத்த வருஷத்திலிருந்து அதைச் சொல்லிக்காட்டத் தொடங்கிய ஊரும் இதுதான். வெங்காயத் தோட்டத்தில் கூலிக்கு நின்றாள். கருவாடு கட்டிக்கொண்டு சிலாபச் சந்தைக்குப் போனாள். சிங்களம் அங்கேதான் படித்தாள். விலை பேசுவதற்கு முன்னால் ஏசுவதற்குத்தான் வந்தது என்பாள்.

சண்டை முடிந்த பிறகு சில வருஷத்தில் கடற்கரை ஊர்களில் ஆலோசனைக் குழுக்கள் வந்தன. எந்த வலை போடலாம், எந்த மாதம் எதைப் பிடிக்கக் கூடாது, எந்தப் பிராணியைத் தொடக்கூடாது என்று திணைக்களங்கள் சட்டம் போடுவதற்கு முன்னால் ஊர்ச்சனத்தின் வாயிலிருந்து ஒரு வார்த்தை கேட்க வேண்டுமாம். எங்கள் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் சேர்த்து ஒரு ஒருங்கிணைப்பாளர் தேவைப்பட்டது. தமிழும் சிங்களமும் தெரிய வேண்டும், அலைய வேண்டும், சம்பளம் என்று சொல்ல ஒன்றுமில்லை, ஏதோ ஒரு படி கிடைக்கும்.

மர்ளியாவின் பெயரைச் சொன்னவர் வேறு யாருமில்லை, முத்தலிபு ஹாஜியார்தான். அவர் எங்கள் ஊர்ச் சம்மாட்டி. ஊரில் பாதி ஆண்கள் அவருடைய வள்ளங்களில்தான் கடலுக்குப் போகிறார்கள், என் வீட்டுக்காரர் ஹுனைஸ் உட்பட. சங்கத்துக்கும் அவர்தான் தலைவர். அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கெட்டவர்களைச் சமாளிப்பது லேசு. இவர் நோன்புக்கு அரிசி கொடுப்பார், சாவு விழுந்தால் மையித்து வீட்டுச் செலவைத் தானே பார்ப்பார். அதற்குப் பிறகு அவர் முன்னால் நாம் எப்படி வாய் திறப்பது?

"மர்ளியாவப் போடுங்க" என்று சங்கத்தில் சொன்னாராம். "அகதிப் பொம்பிளை, மாப்பிள்ளையும் கூட இல்ல. சொன்னதக் கேட்டுக்கிட்டு ஒரு பக்கமா இருப்பா."

ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள்.

வேலை என்னவென்று கேட்டால் சிரிப்பு வரும். முக்கால்வாசி வேலை கூட்டத்துக்கு நாள் குறிப்பதுதான். வெள்ளி ஜும்ஆ. ஞாயிறு கத்தோலிக்க ஊர்க்காரர் கோயிலுக்குப் போய்விடுவார்கள். தலவில அன்னம்மாள் திருநாள் வந்தால் ஒரு கிழமைக்கு அவர்களைத் தேடவே வேண்டாம். சனியும் பௌர்ணமிப் போயாவும் உத்தியோகத்தர்களுக்கு லீவு. தென்மேற்குச் சோழகக் காற்று எழும்பினால் உச்சமுனையிலிருந்து படகு வராது. காற்று விழுந்தால் ஒருவரும் கரையில் இருக்க மாட்டார்கள். முதல் கூட்டத்தைத் திணைக்கள உத்தியோகத்தர் ஒரு வெள்ளிக்கிழமை நடுப்பகலுக்கு வைத்திருந்தார். மர்ளியா போனில் சிங்களத்தில் சொன்னதை நான் பக்கத்திலிருந்து கேட்டேன்:

"வாங்க சேர், தாராளமா வாங்க. கதிரை எல்லாம் அடுக்கி வைக்கிறன். கதிரைகளோட கதைச்சிட்டுப் போகலாம்."

இப்படி ஏசி, கெஞ்சி, படகிலும் த்ரீவீலிலும் ஊர் ஊராக அலைந்து, கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை எல்லாரையும் சங்கக் கட்டடத்தில் உட்கார வைத்தாள். குழுவில் பெண்களும் இருக்க வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. இருக்கட்டும், ஆனால் திரை வேண்டும் என்றார் ஹாஜியார். மண்டபத்துக்குக் குறுக்கே கயிறு கட்டிப் பச்சைத் துணி ஒன்றைத் தொங்கவிட்டார்கள். அந்தப் பக்கம் ஆண்கள், இந்தப் பக்கம் நாங்கள். கருவாடு போடுகிறவர்கள், நண்டு உடைக்கிறவர்கள், மட்டி பொறுக்குகிறவர்கள். மர்ளியா திரை முடிகிற ஓரத்தில் மேசை போட்டு, இரண்டு பக்கமும் தெரிகிற மாதிரி உட்கார்ந்தாள்.

அன்றைக்கு எடுத்த விஷயம் மட்டி. கொஞ்ச மாதத்துக்கு மட்டி பொறுக்குவதை நிறுத்தலாமா என்று உத்தியோகத்தர் கேட்டார். நல்ல மனிதர், அனுராதபுரத்துப் பக்கத்து ஆள், நெற்றியில் எப்போதும் வியர்வை. மர்ளியா தமிழில் சொன்னாள். ஆண்கள் பக்கம் உடனே சம்மதம் வந்தது. அவர்களுக்கென்ன, அவர்களா குனிந்து பொறுக்குகிறார்கள்? பிறகு எங்கள் பக்கம் கேட்டார்கள்.

நாங்கள் பேசவில்லை. எப்படிப் பேசுவது? துணிக்கு அந்தப் பக்கம் ஒருத்திக்கு மாமா, இன்னொருத்திக்குக் கூடப்பிறந்த மூத்த நானா, எனக்குப் புருஷன். முதலில் நீ சொல்லு, முதலில் நீ சொல்லு என்று ஒருத்தியின் தொடையை ஒருத்தி கிள்ளிக்கொண்டிருந்தோம். ஹாஜியார் சிரித்தார்.

"எழுதுங்க சேர். எங்கட வழக்கத்தில பொம்பிளை பேசாம இருந்தா சம்மதம் எண்டுதான். நிகாஹ்வுக்கே அதுதான் கணக்கு."

ஆண்கள் சிரித்தார்கள். மர்ளியா சிரிக்காமல் அதைச் சிங்களத்தில் சொன்னாள், சம்மதம் என்றே எழுதினாள்.

வெளியே வந்ததும் அவளைப் பிடித்துக்கொண்டோம். "நாங்க எங்கடி சம்மதிச்சோம்? நீ என்னத்துக்கு எழுதினாய்?" என்று நான்தான் அதிகம் கத்தினேன்.

"நீங்க என்னத்துக்குப் பேசல்ல?"

"மாமாமார் எல்லாம் இருக்கக்குள்ள எப்பிடிப் பேசுற?"

அவள் முகம் ஒரு மாதிரியாகிப் போனது. குழாயடிக் கல்லில் உட்கார்ந்தாள். அப்போதுதான் அவளுடைய நிகாஹ் கதையைச் சொன்னாள். அவளுக்குப் பதினேழு வயது. கொட்டிலுக்கு வெளியே பாய் விரித்து மாப்பிள்ளை வீட்டார் இருக்கிறார்கள். வாப்பா உள்ளே வந்து, இன்னாரைக் கட்டிக்கொள்ளச் சம்மதமா மகள் என்று கேட்டார். அவளுக்கு அந்த மனிதனைக் கண்ணில் காட்டக் கூடாது. இல்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. ஆனால் ஓலைக்கு அந்தப் பக்கம் முகாமே உட்கார்ந்திருக்கிறது. இல்லை என்றால் வாப்பாவின் தலை எங்கே போகும்? பேசாமல் இருந்தாள்.

"வாப்பா அல்ஹம்துலில்லாஹ் எண்டார். நான் அழுதன். சந்தோஷத்தில அழுறா எண்டாங்க" என்றாள். "மார்க்கம் பொண்ணுட்டக் கேக்கத்தான் சொன்னது ஸாஜிதா. கேட்ட மாதிரி நடிக்கச் சொல்லல்ல."

அந்தக் கல்யாணம் சில வருஷம்தான் ஓடியது. அடித்தான், சாப்பாட்டுக்குக் கொடுக்கவில்லை. கல்யாணத்தை முறிக்க பஸஹ் கேட்டுக் காதியாரிடம் போனவள் அங்கே போட்ட சத்தத்தில் காதியார் எழுந்து ஜன்னலைச் சாத்தினார் என்று இன்றைக்கும் சொல்வார்கள். பேசாமல் இருந்ததற்கு அவள் வட்டியும் முதலுமாகக் கட்டி முடித்திருந்தாள். இப்போது தன் கையாலேயே எங்கள் மௌனத்துக்கும் சம்மதம் என்று எழுதியிருக்கிறாள். அதுதான் அந்த முகம்.

அடுத்த கூட்டம் வலையைப் பற்றியது. இரண்டு தீவுகளுக்கு நடுவே ஆழமான வழி ஒன்று இருக்கிறது, நடுவாய் என்போம். களப்புக்குள் வருகிறதும் போகிறதும் எல்லாம் அதன் வழியாகத்தான். ஹாஜியாரின் ஆட்கள் பொழுதுபடும்போது அங்கே திருக்கை வலையை அடியில் இறக்கிவிட்டு விடிந்ததும் போய்த் தூக்குவார்கள். பெரிய கண் வலை, பெரியதெல்லாம் மாட்டும். வருஷத்தில் கொஞ்ச காலத்துக்காவது அங்கே அந்த வலையை நிறுத்தலாமா என்று உத்தியோகத்தர் கேட்டார்.

ஆண்கள் பக்கம் மூச்சு விடவில்லை. ஆம் என்றால் ஹாஜியாருக்குப் பகை. இல்லை என்றால் உத்தியோகத்தருக்குப் பகை. எல்லாரும் காலுக்கிடையில் எறும்பு தேடினார்கள்.  உத்தியோகத்தருக்குப் போன கூட்டத்தில் படித்த பாடம் ஞாபகம் வந்துவிட்டது போல. முகமெல்லாம் சிரிப்பாக, "சரி, பேசவில்லை என்றால் சம்மதம்தானே?" என்று எழுதத் தொடங்கினார். பாவம், மனிதர் எங்கள் வழக்கத்தை மதிக்கிறாராம்!

ஹாஜியார் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார். "பேசாம இருந்தா சம்மதமா? எவன் சொன்னது?"

நீங்கள்தான் என்று சொல்ல அங்கே ஒருவருக்கும் நாக்கு இல்லை. மர்ளியாவின் குரல் மட்டும் பசுவைப் போலச் சாதுவாக வந்தது.

"அப்ப, பேசாம இருந்தா என்னண்டு எழுதுற, ஹாஜியார்?"

"சம்மதமில்ல எண்டு எழுது! வாயத் திறந்து சொன்னாத்தான் சம்மதம்."

"இண்டைக்கு மட்டுமா, எல்லாத்துக்குமா?"

"எல்லாத்துக்கும்தான்! சட்டம் எண்டா ஒரு சட்டம்."

"ஹாஜியார் சொல்ற சட்டத்துக்கு எல்லாரும் வாய் திறந்து சம்மதம் சொல்லுங்க" என்றாள் மர்ளியா.

ஹாஜியார் விரும்புகிற ஒன்றுக்குச் சம்மதம் சொல்ல யாருக்குப் பயம்? ஆண்கள் பக்கம் கூரை அதிர்ந்தது. எங்கள் பக்கத்திலும் முணுமுணுவென்று சொன்னோம். சத்தம் அடங்கியதும் மர்ளியா உத்தியோகத்தரிடம் திரும்பி, அப்படியென்றால் போன கூட்டத்து மட்டிக்குப் பெண்கள் சம்மதம் சொல்லவில்லையே சேர் என்றாள்.  அவர் சிரித்துக்கொண்டே, மட்டிக்குப் போட்டிருந்த சம்மதத்தை வெட்டினார். நடுவாய் வலையும் தப்பியது, மட்டியும் தப்பியது. ஹாஜியாருக்கு மட்டி ஒரு பொருட்டே இல்லை, தன் வலை தப்பியதில் சந்தோஷமாகத் தேத்தண்ணி குடித்தார்.

இந்த நாளுக்காக மர்ளியா காத்திருந்தாளா, அல்லது அந்த நேரத்தில் வந்த புத்தியா என்று பல தடவை கேட்டுவிட்டேன். சொல்ல மாட்டாள். ஆனால் அடுத்த கிழமையே ஆளைப் பிடித்து மண்டபச் சுவரில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதுவித்தாள். முழங்கை உயர எழுத்து: வாய் திறந்து சொன்னால்தான் சம்மதம். பேசாமல் இருந்தால் சம்மதமில்லை.

மறு வருஷம் பங்குனியில் ஒரு ஆவுளியா செத்துக் கரை ஒதுங்கியது. கடற்பசு என்று புத்தகத்தில் போடுவார்களே, அதுதான். சாதாளை என்கிற கடற்புல்லை மேய்ந்துகொண்டு தன் பாட்டில் திரிகிற சீவன், ஒருவருக்கும் கெடுதி செய்யாது. அதைத் தொட்டாலே சட்டத்தில் குற்றம். கழுத்திலும் துடுப்பிலும் வலை அறுத்த தடம் ஆழமாக இருந்தது. மூச்செடுக்க மேலே வர முடியாமல் அடியிலேயே திணறியிருக்கிறது. யாருடைய வலை என்று ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். கேட்டபோது ஒருவருக்கும் தெரியவில்லை.

இந்தத் தடவை வனசீவராசி உத்தியோகத்தர்களும் சேர்ந்து வந்தார்கள். ஏதாவது ஒரு இடத்தை அடைத்தே ஆக வேண்டும், எந்த இடம் என்று குழு ஆலோசனை சொல்லட்டும், சொல்லாவிட்டால் மேலிடமே முடிவெடுக்கும் என்றார்கள். ஹாஜியார் அடுத்த கூட்டம் வரைக்கும் காத்திருக்கவில்லை, அங்கேயே சொன்னார்:

"புல்லு மேயிற மாட்டக் காப்பாத்தணும் எண்டா புல்லுத்தரையைத்தானே அடைக்கணும்? சாதாளைக்கரைய அடைங்க. ஒருத்தரும் கால் வைக்கப்படாது."

கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது! சாதாளைக்கரை என்பது ஊருக்கு முன்னால் முழங்கால் தண்ணீரில் பரந்து கிடக்கிற புல்வெளி. அங்கே கால் வைக்கிறவர்கள் நாங்கள் மட்டும்தான். கடல் வற்றுகிற நேரத்தில் இறங்கி மட்டியும் நண்டும் இறாலும் பொறுக்குகிறோம். சோழகத்தில் வள்ளங்கள் கரையில் கவிழ்ந்து கிடக்கிற மாதங்களில் எங்கள் பிள்ளைகள் அதைத்தான் தின்கின்றன. எங்கள் காலில் மிதிபட்டு ஒரு ஆவுளியா செத்த கதை உலகத்தில் உண்டா? கொன்றது நடுவாயில், அடைக்கிறது எங்கள் வாயை. 

சுவரில் எழுதியிருப்பது ஹாஜியாருக்கும் ஞாபகம் இருந்தது. இந்தத் தடவை பெண்கள் வாய் திறந்தே சம்மதம் சொல்ல வேண்டும். வள்ளக்காரர் எல்லாருக்கும் சொல்லி அனுப்பினார்: யாருடைய பெண்சாதி சொல்லவில்லையோ அவனுக்கு வள்ளத்தில் இடமில்லை.

ஹுனைஸ் கூட்டத்துக்கு முதல் நாள் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் உட்கார்ந்து, கோப்பையைப் பார்த்தபடியே சொன்னார்:

"நாளைக்குக் கேட்டா ஓம் எண்டு சொல்லிப் போடு."

"சொல்லிப் போட்டு? சோழகத்தில என்னத்தத் தின்னுற?"

"வள்ளம் இல்லாட்டி பன்னிரண்டு மாசமும் என்னத்தத் தின்னுற?"

  அவர் மோசமான மனிதர் இல்லை, பயந்த மனிதர். பயத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து என்னிடம் தந்துவிட்டுச் சாப்பிடாமல் எழும்பினார். எனக்கு வந்த கோபத்தில் மர்ளியாவின் வீட்டுக்குப் போனேன்.

"ஊரெல்லாம் ஹாஜியார்ட ஆள் ஏறி இறங்குறான். நீ வீட்டுக்குள்ள வெங்காயம் வெட்டிக்கிட்டு இருக்கிறாய். வந்து நாலு பேருக்கு ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"நான் கூட்டத்தக் கூட்டுறவள். என்ன சொல்லணும் எண்டும் நானே சொல்லித் தந்தா, ஹாஜியாருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?"

"நாசமாப் போ" என்று சொல்லிவிட்டு வந்தேன். உண்மையாகவே சொன்னேன்.

கூட்டத்தன்று மண்டபம் நிரம்பி வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். ஹாஜியார் நல்ல வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். ஆவுளியாவைப் பற்றி உருக்கமாகப் பேசினார், அல்லாஹ்வின் படைப்பு என்றார், கண்ணைத் துடைத்தார். பிறகு மர்ளியா எழும்பி, தமிழிலும் சிங்களத்திலும் கேட்டாள்: சாதாளைக்கரையை அடைக்கப் பெண்கள் பக்கம் சம்மதமா?

நான் என் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓம் என்று ஒரு வார்த்தை. சொன்னால் நாளைக்கும் ஹுனைஸ் கடலுக்குப் போவார். என் நாக்கு அந்தச் சொல்லைத் தூக்கிப் பார்த்தது, கீழே வைத்தது. பக்கத்தில் றஹ்மத் உம்மா தஸ்பீஹ் மணியை நிறுத்திவிட்டாள். ஹாஜியார் வீட்டு அரிசியில் வாழ்கிறவள், அவள் சொல்லிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அவளும் சொல்லவில்லை. ஒருத்தியின் பிள்ளை சிணுங்கியது. முலையைக் கொடுத்து அடக்கினாள். இந்தத் தடவை யாரும் யாருடைய தொடையையும் கிள்ளவில்லை.

"கேட்டது விளங்கல்ல போல. திருப்பிக் கேளு" என்றார் ஹாஜியார்.

மர்ளியா திருப்பிக் கேட்டாள். பிறகு அவரே பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கினார். "றஹ்மத் உம்மா! ஹுனைஸ்ட பெண்சாதி ஸாஜிதா!" என் பெயரை ஒரு அந்நிய ஆண் அத்தனை பேருக்கு முன்னால் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. கையில் அகப்பட்ட முந்தானையை முறுக்கினேன். பயத்தில் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை, கோபம்.

அவர் ஆண்கள் பக்கம் திரும்பினார். "நீங்களாவது சொல்லுங்கடா! உங்கட பொம்பிளைகளுக்குத்தான் வாய் அடைச்சுப் போச்சு. சாதாளைக்கரைய அடைக்கச் சம்மதமா, இல்லையா?"

அங்கேயும் சத்தமில்லை. அவர்கள் வீட்டிலும் சோழகத்தில் அடுப்பு எரிய வேண்டுமே. ஹாஜியாரை எதிர்த்து ஒரு வார்த்தை சொல்ல அங்கே ஒருவனுக்கும் துணிவில்லை, ஆனால் துணிவே தேவைப்படவில்லை. சும்மா இருந்தால் போதும். அதற்கும் ஒரு சட்டம் இருந்தது, அதைப் போட்டவரும் அவர்தான். அந்த நேரத்தில்தான் எங்களுக்கே அது முழுதாக விளங்கியது என்று நினைக்கிறேன்.

ஹாஜியார் வந்த கோபத்தில் திரையைப் பிடித்து இழுத்தார். கயிறு அறுந்து பச்சைத் துணி கீழே விழுந்தது. அவரே தொங்கவிட்ட துணி. நாங்கள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு அவரைப் பார்த்தோம். ஒருத்தியும் தலை குனியவில்லை.

"ஏன் இவளுகள் பதில் சொல்றாளுகள் இல்ல?"

"சொல்லிட்டாங்க ஹாஜியார்" என்றாள் மர்ளியா. "பொம்பிளைக்கு மௌனமே பதில் எண்டு நீங்கதானே சொன்னீங்க." அவள் சுவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சம்மதமில்லை என்று எழுதினாள். எழுதி முடித்ததும் அடுத்ததைக் கேட்டாள்: "நடுவாயில திருக்கை வலைய நிப்பாட்டச் சம்மதமா? இதுக்கு வாய் திறக்கணும். பேசாம இருந்தா இதுவும் இல்லைதான்."

திரை விழுந்திருந்ததால் எதிர் வாங்குப் பலகையில் ஹுனைஸ் எனக்கு நேராகத் தெரிந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக் கசக்கிக்கொண்டிருந்தார். இதையும் விட்டால் மேலிடம் தன் விருப்பத்துக்கு ஒன்றை அடைத்துவிடும். நான் எழும்பினேன். வேண்டாம் என்று அவர் கண்ணால் சொல்வார் என்று பார்த்தேன். சொன்னாரா என்று தெரியவில்லை, அதற்குள் என் குரல் எனக்கே கேட்டது.

"சம்மதம்."

மண்டபமே என்னைப் பார்த்தது. ஹாஜியார் ஹுனைஸைப் பார்த்தார், உன் பெண்சாதியை உட்காரச் சொல் என்கிற பார்வை. ஹுனைஸ் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு எழும்பினார். என்னை உட்காரச் சொல்லத்தான் எழும்புகிறார் என்று நானும் நினைத்தேன்.

"சம்மதம்" என்றார்.

அதற்குப் பிறகு றஹ்மத் உம்மா. அதற்குப் பிறகு உச்சமுனைக்காரர், கத்தோலிக்க ஊர்க்காரர், அங்கேயிங்கே ஒவ்வொன்றாக, கடைசியில் யார் சொன்னார் என்று பிரித்துப் பார்க்க முடியாதபடி. மர்ளியா தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. கேட்டால் வெங்காயம் என்பாள்.

நடுவாயில் வலை நின்றது. மறுநாள் விடியும்போது ஹுனைஸின் சாரமும் தண்ணிப் போத்தலும் எங்கள் படலையில் தொங்கின. வள்ளத்திலிருந்து கழற்றி அனுப்பியிருந்தார்கள். எல்லாரையும் நிறுத்தினால் வள்ளம் ஓடாது, முதலில் எழும்பியவனை மட்டும் நிறுத்தினார் ஹாஜியார். மர்ளியாவுக்குக் கிடைத்த படியும் அந்தத் திட்டம் முடிந்ததோடு நின்றுபோனது. வேறு ஆளைப் போட ஹாஜியார் ஓடித் திரிந்தார். ஆனால் வெள்ளியும் ஞாயிறும் போயாவும் காற்றும் பார்த்து நாள் குறிக்க வேறு ஒருவருக்கும் பொறுமை இல்லை. சம்பளமில்லாமல் இன்றைக்கும் அவள்தான் அலைகிறாள், அதே வாயோடு.

வள்ளம் இல்லாத ஹுனைஸை நான் சாதாளைக்கரைக்குக் கூட்டிப் போனேன். ஆழ்கடல் கண்ட மனிதருக்கு முழங்கால் தண்ணீரில் நிற்கத் தெரியவில்லை. முதல் நாளே மட்டி ஓட்டில் காலை வெட்டிக்கொண்டார். பொம்பிளை வேலை செய்கிறான் என்று கரையில் நின்று சிரித்தார்கள். சிரிக்கட்டும். நாங்கள் சாப்பிட்டோம்.

கொஞ்ச நாள் போக ஹாஜியாரின் ஆள் ஒருவன் கரைக்கு வந்தான். நல்ல வேலைக்காரனை இழந்தது அவருக்கும் நட்டம்தானே. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி எங்களுக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

"ஹுனைஸ் நானா, ஹாஜியார் கோபத்த விட்டுட்டார். அண்டைக்குப் பிழையாச் சொல்லிட்டன் எண்டு சங்கத்தில ஒரு வார்த்தை சொன்னாப் போதுமாம். நாளைக்கே வள்ளத்தில ஏறலாம். சம்மதமா எண்டு கேட்டு வரச் சொன்னார்."

நான் ஹுனைஸைப் பார்க்கவில்லை. பார்த்தால் நான் சொல்லிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். அவர் குனிந்து புல்லுக்குள் கையை விட்டு ஒரு மட்டியை எடுத்தார், சேறு கழுவினார், கூடைக்குள் போட்டார். இன்னொன்றைத் தேடினார். வாய் திறக்கவில்லை.

 வந்தவனும் எங்கள் ஊர்க்காரன்தான். பதில் கிடைத்துவிட்டது என்று தெரிந்து திரும்பிப் போனான்.